மகாவலி: மலையில் அகழி, கடலில் வாசல்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் பேராதனைச் சந்தியைத் தாண்டியதும் ஓர் இரும்புப் பாலத்தின்மீது வேகம் குறைந்து ஊர்ந்து செல்லும். அந்தச் சில விநாடிகளில் யன்னலோரம் அமர்ந்திருப்பவர்கள் எல்லோரும் கீழே எட்டிப் பார்ப்பார்கள். மகாவலி கங்கை கலங்கிய நிறத்தில் மூங்கில் புதர்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும். பத்திரிகைப் பணி நிமித்தம் எத்தனையோ தடவைகள் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். ஒருமுறை என்னருகே அமர்ந்திருந்த மூதூர் ஆசிரியர் ஒருவர், “இந்தத் தண்ணீர்தான் தம்பி எங்கள் ஊருக்கு வருகிறது. நாங்கள் வீடு போய்ச் சேர ஒரு நாள், இது வந்துசேர இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செல்லும்” என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தை நெடுநாள் என் மனத்தில் நின்றது. கண்டி, கடலே காணாத மலைநகர். மூதூரோ கொட்டியாரக் குடாவின் கரையில், உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான திருகோணமலைக்கு எதிரே கிடக்கும் கடலோர ஊர். இவ்விரண்டையும் ஒரே ஆறு இணைக்கிறது. இலங்கையின் படை வரலாற்றையும் கடற்படை வரலாற்றையும் தனித்தனியே எழுதிய பலர், அவையிரண்டும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் நடந்தவை என்பதை அழுத்திச் சொன்னதில்லை. அதையே இங்கு சொல்ல முற்படுகிறேன்.

மகாவலி இலங்கையின் மிக நீளமான ஆறு. ஏறத்தாழ 335 கிலோமீற்றர் ஓடுகிறது. மத்திய மலைநாட்டில் பிறந்து, வடக்கு நோக்கி வந்து, கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைத்துக்கொண்டு செல்கிறது. பின்னர் மலைச்சரிவுகளில் பாய்ந்து இறங்கி, மகியங்கனைச் சமவெளியில் வடக்கே திரும்பி, இறுதியில் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. கண்டியின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், கோட்டை கட்டியவன் எவனும் இவ்வளவு நேர்த்தியாக அகழி வெட்டியிருக்க முடியாது என்று தோன்றும். மூன்று புறம் ஆறு, நான்காம் புறம் மலை. அதற்கு வெளியே காடு, அட்டை, காய்ச்சல்.

ஆற்றைப் போர்க்களமாகக் கொள்ளும் வழக்கம் கண்டி இராச்சியத்துக்கும் முந்தியது. துட்டகைமுனு மன்னன் தமிழ்த் தலைவர்களின் வசமிருந்த கோட்டைகளை மகாவலிக் கரை நெடுகிலும் ஒவ்வொன்றாக வென்று சென்றதாக மகாவம்சம் கூறுகிறது. அந்நூலின் நோக்கு எதுவாயினும், ஆற்றின் துறைகளைப் பிடித்தவனே நாட்டைப் பிடித்தான் என்ற செய்தி அதில் தெளிவாக இருக்கிறது.

கண்டி மன்னர்கள் அந்தச் செய்தியை நன்கு அறிந்திருந்தார்கள். 1660 ஆம் ஆண்டு கொட்டியாரத்தில் பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேர்ட் நொக்ஸ் தமது நூலில் மகாவலியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பாறைகளும் நீர்வீழ்ச்சிகளும் நிறைந்திருப்பதால் அதில் கப்பல் ஓட்ட முடியாது. கடுங்கோடை தவிர்ந்த காலத்தில் நடந்து கடக்கவும் முடியாது. மக்கள் சிறு தோணிகளில்தான் கடக்கிறார்கள் என்கிறார். ஆற்றுக்குப் பாலம் இல்லாமைக்கு அவர் கூறும் காரணம் கவனிக்கத்தக்கது. அகலமும் வெள்ளமும் ஒருபுறமிருக்க, பாலம் கட்ட முடிந்தாலும் மன்னன் அதற்கு அனுமதிக்க மாட்டான். தன் நாட்டுக்குள் எளிதில் எவரும் வந்துவிடக் கூடாது என்பதே அவன் விருப்பம் என்பது நொக்ஸின் கருத்து. பாலம் கட்டாமை இங்கு அறியாமையன்று, அரச கொள்கை.

நொக்ஸ் அங்கு சிக்கிய கதையே இந்த ஆற்றின் இரு முனைகளையும் இணைத்துக் காட்டுகிறது. அவருடைய தந்தையார் தலைமை தாங்கிய ‘ஆன்’ என்ற கப்பல் சோழமண்டலக் கரையில் 1659 இல் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கரையிறங்கியவர்களை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கடலில் ஒரு கப்பலும் இல்லாத மன்னனின் கை, ஆற்றின் முகத்துவாரம் வரை நீண்டிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி மலையில் நடந்தவற்றைப் பார்ப்போம். போர்த்துக்கேயர் கண்டியைத் தமதாக்க முயன்று ஒன்றுக்கு மேற்பட்ட தடவை படையோடு அழிந்தார்கள். 1594 ஒக்டோபரில் பேத்ரோ லோப்பெஸ் டி சோசாவின் படை கண்டியிலிருந்து பின்வாங்கும் வழியில் தந்துறையில் முற்றாக முறியடிக்கப்பட்டது. வென்றவன் பின்னர் விமலதர்மசூரியன் எனப் புகழ்பெற்ற கொனப்பு பண்டார. 1638 மார்ச் 28 ஆம் திகதி தியோகு டி மெலோ டி காஸ்ட்ரோவின் படைக்கும் அதே கதி நேர்ந்தது. அவர்கள் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அதைக் கொளுத்திவிட்டுத் திரும்புகையில் மகாவலிக் கரையிலுள்ள கன்னொருவையில் சூழப்பட்டார்கள். உயிர் தப்பிய போர்த்துக்கேயர் 33 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று பேராதனைத் தாவரவியற் பூங்காவில் நின்று ஆற்றுக்கு அப்பால் நோக்கினால் தெரியும் பச்சை மலைச்சாரல்தான் அந்தக் கன்னொருவை.

இரண்டிலும் உத்தி ஒன்றே. தலைநகரைக் காலி செய், எதிரியை உள்ளே விடு, உணவையும் வழியையும் மறி, திரும்பும்போது அடி. மதிலுக்குள் இருந்து காப்பதற்கு மாறாக, மதிலுக்குள் எதிரியை அடைப்பது. இதில் ஆறு வாசற் கதவாயிற்று. உள்ளே வருவதற்குத் திறந்திருக்கும், வெளியேறும்போது மூடிக்கொள்ளும்.

எனினும் ஆற்றுக்கு அளவுக்கு மீறிய பெருமை கொடுப்பதும் சரியன்று. கன்னொருவைப் போர் நடந்தது மார்ச் மாதத்தில். அது மகாவலியில் நீர் குறைந்திருக்கும் காலம். அன்று வென்றது காட்டுப்போரில் தேர்ந்த கண்டி வீரர்களும், மன்னனின் திட்டமுமே. ஆறு எப்போது ஆயுதமாகும், எப்போது ஆகாது என்பதைத் தீர்மானித்தது பருவமழை. அந்தக் கணக்கைப் படையெடுத்து வந்தவர்கள் நெடுங்காலம் புரிந்துகொள்ளவில்லை.

மலையில் வென்ற இரண்டாம் இராஜசிங்கனுக்குக் கடலில் கைகொடுக்க எவரும் இல்லை. போர்த்துக்கேயரின் கோட்டைகள் கரையில் இருந்தன. அவற்றுக்கு உதவி கடல்வழியே கோவாவிலிருந்து வந்தது. கப்பல் இல்லாத மன்னன் கப்பலை இரவல் வாங்க முடிவு செய்தான். அவனுடைய தந்தை செனரத் காலத்தில் 1620 இல் டென்மார்க்கிலிருந்து ஓவே கியெட்டே தலைமையில் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. அந்த முயற்சி இலங்கையில் நிலைக்கவில்லை. அந்தப் பயணத்தின் பயனாக நிலைத்தது நம் தரங்கம்பாடிக் கோட்டைதான். அடுத்து இராஜசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். கன்னொருவை வெற்றிக்கு இரண்டு மாதங்கள் ஆகுமுன்பே, 1638 மே மாதத்தில், மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. அங்கேயே உடன்படிக்கையும் கைச்சாத்தாகியது. 1639 இல் திருகோணமலையும் பிடிக்கப்பட்டது.

அந்த உடன்படிக்கையின் ஒரு வாசகம் பின்னர் பெருஞ் சர்ச்சையாயிற்று. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற சொற்கள் ஒரு படியில் இருந்தன, மறுபடியில் இல்லை. போர்த்துக்கேயர் 1658 இல் முற்றாக வெளியேறினார்கள். ஒல்லாந்தர் கரையில் நிலைத்துவிட்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் பழமொழியாகச் சொல்வது இதைத்தான். மனமுடைந்த மன்னன் 1672 இல் பிரெஞ்சுத் தளபதி டி லா ஹேயின் கப்பல்களுக்குக் கொட்டியாரத்தில் இடம் கொடுத்துப் பார்த்தான். ஒல்லாந்தர் அவர்களையும் விரட்டிவிட்டார்கள். கடலை இரவல் வாங்கிக் காக்க முடியாது என்பதே அந்த நூற்றாண்டு கற்பித்த பாடம்.

மதுரை நாயக்கர் வழிவந்த மன்னர்கள் 1739 முதல் கண்டியை ஆண்டதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் ஒல்லாந்தர் 1765 பெப்ரவரியில் கண்டிக்குள் புகுந்தார்கள். பழைய கதையே மீண்டும் நடந்தது. வெற்று நகரம், பசி, காய்ச்சல். சில மாதங்களில் அவர்கள் வெளியேற நேர்ந்தது. ஆனால் கடற்கரையில் அவர்களை அசைக்க முடியவில்லை. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. மகாவலியின் முகத்துவாரமும் அதில் அடங்கும். அன்றிலிருந்து கண்டி இராச்சியம் நாற்புறமும் அடைபட்ட தீவாயிற்று. உப்புக்குக்கூடக் கரையை ஆள்பவனின் தயவு வேண்டியிருந்தது. கண்டியின் வீழ்ச்சி 1815 இல் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆற்றின் வாயை இழந்த 1766 ஆம் ஆண்டிலேயே அது தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

அதன்பின் திருகோணமலை ஐரோப்பிய வல்லரசுகளின் பந்தாயிற்று. 1782 ஜனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வேர்ட் ஹியூஸ் அதைப் பிடித்தார். ஆங்கிலத் தூதர் ஹியூ பொய்ட் அங்கிருந்து கண்டிக்குச் சென்று மன்னனின் நட்பைக் கேட்டார்; கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் துறைமுகத்தைப் பறித்துக்கொண்டார். 1795 இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இனி ஆற்றின் ஒரு முனையில் பிரித்தானியக் கடற்படை, மறுமுனையில் கண்டி மன்னன். இடையே காடு மட்டும்.

1803 இல் தேசாதிபதி நோர்த் கண்டிமீது படை அனுப்பினார். ஜெனரல் மக்டவல் கொழும்பிலிருந்தும், கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டு, பெப்ரவரியில் கண்டியில் சந்தித்தார்கள். ஆற்றில் நீர் குறைந்த காலம், தடையின்றிக் கடந்தார்கள். நகரம் வழக்கம்போல் காலியாக இருந்தது. நாயக்கர் குலத்தவரான முத்துச்சாமி என்பவரை அரியணையில் அமர்த்திவிட்டு, காவற்படை ஒன்றை நிறுத்தி, மக்டவல் திரும்பிவிட்டார். பொறுப்பு மேஜர் டேவி என்ற அதிகாரியிடம் வந்தது.

மாதங்கள் சென்றன. காய்ச்சல் படையைத் தின்றது. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கியது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகாவலியின் தலைப்பகுதியான அட்டன், நுவரெலியா மலைகளில் அந்தப் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும். கண்டியில் வெயிலடிக்கும் நாளிலும் மேலே பெய்த மழை ஆற்றில் வெள்ளமாக வந்து நிற்கும். ஜூன் 24 ஆம் திகதி கண்டிப் படை தாக்கியது. டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போக அனுமதி என்ற உறுதியோடு படை நகரைவிட்டு வெளியேறியது. சில கிலோமீற்றர் தூரத்தில் வட்டபுளுவைத் துறை. அங்கே மகாவலி கரைபுரண்டு ஓடியது. தோணி இல்லை. தெப்பம் கட்ட முயன்றார்கள், முடியவில்லை.

ஆற்றங்கரையில் வைத்து, முத்துச்சாமியை ஒப்படைக்குமாறு மன்னனின் ஆட்கள் கேட்டார்கள். முதலில் மறுத்த டேவி பின்னர் இணங்கினார். முத்துச்சாமி கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் எந்த மனிதனை மன்னனாக்கிக் கொண்டுவந்தார்களோ, அதே மனிதனை விலையாகக் கொடுத்தும் அவர்களால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. ஜூன் 26 ஆம் திகதி ஐரோப்பிய வீரர்கள் அங்கேயே கொன்றொழிக்கப்பட்டார்கள். கழுத்தில் வெட்டுக் காயத்தோடு நீந்தித் தப்பிய பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டேவி கைதியாகவே வாழ்ந்து சில ஆண்டுகளின் பின் இறந்தார். அவர் சரணடைந்த இடத்தில் நின்ற அரச மரம் ‘டேவி மரம்’ எனப் பெயர் பெற்றது. நினைவுக் கல்லும் உண்டு.

கண்டி இறுதியில் வீழ்ந்தது எப்படி? 1815 பெப்ரவரியில், மீண்டும் நீர் குறைந்த காலத்தில், பல திசைகளிலிருந்தும் ஆங்கிலப் படைகள் புகுந்தன. எதிர்த்து நிற்க எவருமில்லை. பிரதானிகள் மன்னனை ஏற்கெனவே கைவிட்டிருந்தார்கள். பெப்ரவரி 18 ஆம் திகதி ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பிடிபட்டான். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான். ஆறு தன் பணியில் தவறவில்லை. அரண்மனைதான் தவறியது.

வென்றவர்கள் முதலில் செய்த வேலை, மன்னர்கள் தடுத்துவைத்த வேலைதான். வீதி போட்டார்கள், பாலம் கட்டினார்கள். பேராதனையில் முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் 1833 இல் திறக்கப்பட்டது. 205 அடி நீளம். ஆணியே அடிக்காமல் பொருத்தியது என்று வியந்து எழுதினார்கள். 1905 வரை அது நின்றது. 1867 இல் புகையிரதமும் கண்டிக்கு வந்தது. அகழியின் காலம் முடிந்தது.

ஆற்றின் இரு முனைகளும் ஒரே கையில் மீண்டும் சேர்ந்தது இரண்டாம் உலகப் போரில். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பையும், 9 ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கின. விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’ மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 300 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பிரித்தானியக் கீழைக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கி, 1944 தொடக்கத்தில்தான் திருகோணமலைக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஏப்ரலில் தென்கிழக்காசிய நேச நாடுகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். மகாவலி மூன்று புறமும் சூழ்ந்த பேராதனைப் பூங்காவில் ஆயிரக்கணக்கான அலுவலர்கள் கொட்டில்களில் இருந்து வேலை செய்தார்கள். பிற்காலத்தில் சமையற்கலை நூல்களால் அமெரிக்காவெங்கும் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அம்மையாரும், அன்று அமெரிக்க உளவுப் பிரிவின் ஊழியராகக் கண்டியில் இருந்தவர்களுள் ஒருவர்.

அந்த ஏப்ரல் 19 ஆம் திகதி, திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் விமானங்கள் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. கடற்படைத் தளபதி சொமர்வில் தமது கப்பல்கள் மவுண்ட்பேட்டனின் கட்டளைக்கு எவ்வளவு தூரம் கட்டுப்படும் என்று அவரோடு முரண்பட்டுக்கொண்டிருந்தார். மலையில் இருப்பவனுக்குக் கடலில் அதிகாரம் உண்டா என்ற இராஜசிங்கனின் பழைய கேள்வி, இம்முறை ஆங்கிலத்தில் எழுந்தது! திருகோணமலைத் தளம் 1957 இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. 2006 ஜூலையில் மகாவலியின் கீழ்க் கிளையான வெருகலாற்றையொட்டிய மாவிலாற்றின் மதகை விடுதலைப் புலிகள் மூடினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயல்களுக்கு நீர் நின்றது. அரசு விமானத் தாக்குதலில் இறங்கியது. 2002 இன் போர்நிறுத்தம் பெயரளவில் இருக்கையிலேயே நாலாவது ஈழப்போர் தொடங்கியது. சண்டை மூதூருக்குள் வந்தது; பல்லாயிரம் முஸ்லிம் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஓகஸ்ட் 4 ஆம் திகதி பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் தமிழர். அடுத்த மாதம் படையினர் சம்பூரைக் கைப்பற்றினார்கள். சம்பூரிலிருந்து ஏவும் எறிகணை குடாவைத் தாண்டித் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் விழும் என்பதே அந்த ஊரின் படை முக்கியத்துவம். அங்கு வாழ்ந்தவர்கள் நெடுங்காலம் அகதிகளாய் அலைந்ததற்கும் அதுவே காரணம்.

இன்று வட்டபுளுவையில் மகாவலியைப் பார்ப்பவர்களுக்கு 1803 ஆம் ஆண்டு வெள்ளம் கண்ணில் தோன்றாது. 1976 இல் பொல்கொல்லையில் கட்டிய அணை நீரைத் தேக்கிச் சுரங்கவழியே வடக்கே திருப்பிவிடுகிறது. அதற்குக் கீழே 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985 முதல் நிற்கிறது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீருக்கடியில் கிடக்கிறது. அகழி குளமாகிவிட்டது. மதகைத் திறப்பது யார், மூடுவது யார் என்பதே இனி இந்த ஆற்றின் அரசியல். மாவிலாறு அதைத்தான் இரத்தத்தில் எழுதிக் காட்டியது.

டேவி மரத்தடியில் ஒரு கல் இருக்கிறது. முத்துச்சாமிக்காக எவரும் அங்கு அழுததாக வரலாறு சொல்லவில்லை. மூதூரில் கொல்லப்பட்ட 17 பேரின் வழக்கில் எவரும் தண்டிக்கப்படவில்லை. தளபதிகளின் பெயர்களைச் சரியாக நினைவில் வைத்திருக்கும் நாம், ஆற்றங்கரையில் விலையாகக் கொடுக்கப்பட்டவர்களை மறந்துவிடுகிறோம்.

அந்த மூதூர் ஆசிரியரை அதன்பின் நான் சந்திக்கவில்லை. பேராதனைப் பாலத்தில் புகையிரதம் ஊரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். கீழே ஓடும் நீர் இப்போதும் அவருடைய ஊருக்குத்தான் போகிறது.